வாசலில் நின்ற மிட்சு

நீகாட்டா
21 அக்டோபர் 2012

அன்புள்ள கினுயே அக்காவுக்கு,

இங்கே காலையில் குளிரத் தொடங்கிவிட்டது. ஆற்றின் மேல் எட்டு மணிவரை மூடுபனி கலைவதில்லை. நீ அனுப்பிய பெர்சிமன் பழங்கள் நேற்று வந்தன. துவர்ப்பு சிறிதும் இல்லை. எதிர்வீட்டு அம்மாளுக்கும் கொஞ்சம் கொடுத்தேன்.

உன் காது தொலைபேசிக்கு ஒத்துவராமல் போனதிலிருந்து எல்லாவற்றையும் எழுத வேண்டியிருக்கிறது. எனக்கு அது நல்லதுதான். பேச்சில் நான் பாதியில் நின்றுவிடுவேன். கடிதம் என்றால் அடித்துத் திருத்தி, இரண்டாம் முறை நகலெடுத்து அனுப்பலாம். இதுவும் அப்படி எடுத்த நகல்தான்.

'உப்பளத்து மிட்சு' தொடரை மறுபடியும் போடுகிறார்கள், பார்த்தாயா? காலை ஏழேகாலுக்கு. முப்பது வருஷத்துக்கு முன் அது முதலில் வந்தபோது அந்த நேரத்தில் நான் பள்ளிக்குப் போகும் ரயிலில் இருப்பேன். ஆசிரியர் அறையில் மற்றவர்கள் பேசியதைக் கேட்டுத்தான் கதை தெரியும். இப்போது ஓய்வுபெற்றவன், முழுதாகப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். மிட்சு இன்னும் சிறுமியாகத்தான் இருக்கிறாள்.

நான் எழுத வந்தது வேறு விஷயம்.

சென்ற வாரம் கடைத்தெருவில் பெரிய அங்காடியின் நான்காம் மாடிக்குப் போயிருந்தேன். வரும் ஏப்ரலில் பள்ளியில் சேரும் குழந்தைகளுக்கான முதுகுப்பைகளை இப்போதே அடுக்கிவிட்டார்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு தாத்தா, ஒரு பாட்டி, நடுவில் ஒரு குழந்தை. நான் தனியாக நின்றிருந்தேன். கடைப்பெண் வந்து, "பேரப்பிள்ளைக்குங்களா ஐயா? என்ன நிறம் கேட்டாங்க?" என்றாள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "நீலம்" என்றேன். ஏன் நீலம் என்று எனக்கே தெரியவில்லை. வாங்காமல் வந்துவிட்டேன்.

என் பிள்ளை கென்சுகேயும் மினாகோவும் விவாகரத்து செய்து இரண்டு வருஷம் ஆகிறது. குழந்தை சுமிரே குடும்பப் பதிவேட்டில் தாயின் பக்கம் மாறிவிட்டாள், காகிதத்தில் இனி நம் வீட்டுப் பெண் இல்லை. அதன்பின் அவளை நான் பார்க்கவில்லை. மினாகோ இதே ஊரில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறாள். இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. நாகோயாவிலிருக்கும் கென்சுகேயைக் கேட்டால், "அவங்க நிம்மதியா இருக்கட்டும்பா. நீங்க எதுக்குக் கிளர்றீங்க?" என்கிறான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆனால் பேத்திக்குப் பள்ளிப்பை வாங்கித் தருவது தாத்தாவின் வேலை அல்லவா? ஒருமுறை அவளைப் பார்த்துக் கையில் கொடுத்துவிட்டால் போதும். அதற்குமேல் ஆசைப்படவில்லை.

என்ன செய்யலாம், நீ சொல்.

நோரிஹிகோ


சகாட்டா
27 அக்டோபர்

நோரி,

உன் ஊர் மூடுபனி எனக்கு எதற்கு? நேராக விஷயத்துக்கு வா. மூன்று பக்கத்தில் விஷயம் கடைசிப் பக்கத்தில்தான் இருந்தது.

மிட்சுவைப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். பார்த்து என்ன பயன்? அவள் புருஷன் கடலில் போனதும் மாமியார்க்காரி என்ன செய்தாள்? பையனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு இவளைத் தெருவில் விட்டாள். மிட்சு இரண்டு கடிதம் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து பழம் தின்றாளா? தினம் காலையில் அந்தப் பெரிய வாசலில் போய் நின்றாள். பனி கொட்டக் கொட்ட நின்றாள். தலையில் குல்லாய் போட்டமாதிரி பனி. ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் அந்தக் கிழவியே வந்து கதவைத் திறந்தாள். அன்றைக்கு என் கடையில் முடி சுருட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்த நாலு பேரும் ஓ என்று அழுதார்கள். மருந்து கண்ணில் இறங்கித் தொலையுமே என்று நான் துண்டோடு ஓடினேன்.

உன் அத்தான் செத்த வருஷம் இரண்டு கட்டிடம் தள்ளிப் பளபளவென்று ஒரு அழகு நிலையம் வந்தது. எல்லோரும் கடையை மூடச் சொன்னார்கள். மூடினேனா? மிட்சு நின்ற மாதிரி நானும் நிற்கிறேன் என்று நின்றேன். அந்த நிலையம்தான் போயிற்று. இன்றைக்கும் மூன்று கிழவிகள் என்னிடம்தான் தலையைக் கொடுக்கிறார்கள்.

உன் பிரச்சினை என்ன தெரியுமா? சின்ன வயதில் கடைக்காரர் "என்ன தம்பி வேணும்?" என்றாலே நீ திரும்பி ஓடிவந்துவிடுவாய். நான் போய் வாங்கிவருவேன். இதற்கும் நான் வரமுடியாது. போய் நில். எதுவும் கேட்காதே, பேசாதே, நில். கல் மனசும் ஒருநாள் வெட்கப்படும்.

முதலில் பையை வாங்கு.

கினுயே


நீகாட்டா
25 நவம்பர்

அன்புள்ள அக்கா,

நீ சொன்னபடி செய்துவருகிறேன். வானிலையை விட்டுவிடுகிறேன்.

மினாகோ இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு எதிரே ஒரு சலவைக்கடை இருக்கிறது. அதன் கூரைக்கடியில் மழையில்லாமல் நிற்கலாம். தினமும் போனால் தொந்தரவு என்று செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வைத்துக்கொண்டேன். மினாகோ குழந்தையைப் பள்ளிமுன் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள்.

முதல் நாள் அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. அதற்கடுத்த முறை பார்த்தார்கள். சுமிரே உயரமாகிவிட்டாள். மஞ்சள் தொப்பி, தன் தாயைப் போலவே கால்களை வேகமாக எடுத்து வைக்கிறாள். மினாகோ என்னைப் பார்த்ததும் நின்றாள். தலை குனிந்து வணங்கினாள். பிறகு குழந்தையின் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டு விரைந்து நடந்தாள். சுமிரே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வணங்கியதை முன்னேற்றம் என்று கொள்ளலாமா?

சலவைக்கடை அம்மாள்தான் சங்கடம். "துணி ஏதாவது குடுக்கணுமாய்யா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "யாருக்காவது காத்திருக்கீங்களா?" என்றாள். "ஆமாம்" என்றேன். பிறகு "இல்லை" என்றேன். மறுமுறை சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் ஒரு கோட்டைக் கொண்டுபோனேன். இப்போது என்னிடமுள்ள எல்லாக் கோட்டுகளும் சலவையாகிவிட்டன. முந்தாநாள், "இது போன வாரம்தான் வெளுத்ததுய்யா, அழுக்கே இல்லையே" என்றாள்.

பையை வாங்கிவிட்டேன். நீலம்.

ஒரே ஒரு சந்தேகம். தவறாக நினைக்காதே. மிட்சு நின்றது பெரிய வீட்டு வாசலில். உள்ளே இருந்த கிழவியிடம் பணமும் ஆளும் இருந்தன, வெளியே நின்றவளிடம் ஒன்றுமில்லை. இங்கே உள்ளே இருப்பவள் தனிப்பெண். வெளியே நிற்பவன் நான். இரண்டும் ஒன்றா என்று யோசிக்கிறேன். நான் எதையும் அதிகம் யோசிப்பவன் என்று நீ சொல்வாய்.

நோரிஹிகோ


சகாட்டா
2 டிசம்பர்

நோரி,

அதிகம் யோசிக்கிறாய்.

வணங்கினாள் அல்லவா? வேண்டாதவளாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பாள். இதைத்தான் மிட்சுவும் செய்தாள். முதலில் வேலைக்காரி கண்டுகொண்டாள், பிறகு கணக்கப்பிள்ளை, கடைசியில் கிழவி. ஒவ்வொரு சுற்றாக உடையும்.

உன் கடிதத்தைக் கடையில் உரக்கப் படித்தேன். சுகவாரா அம்மாள், "உன் தம்பிக்கு இவ்வளவு தைரியமா? கல்யாணத்தன்னிக்கே வேர்த்து வேர்த்து ஊத்திச்சே அவனுக்கு!" என்றாள். மிட்சுவைவிட உன்னைத்தான் இப்போது ஆவலாக விசாரிக்கிறார்கள்.

பையைக் கையில் எடுத்துக்கொண்டு போ. வெறுங்கையோடு ஒரு கிழவன் நின்றால் யாருக்கும் ஒருமாதிரியாகத்தான் இருக்கும். பையைப் பார்த்தால் புரிந்துகொள்வாள். பனி விழுந்தால் ரொம்ப நல்லது. குடை பிடிக்காதே.

கினுயே


நீகாட்டா
16 ஜனவரி 2013

அக்காவுக்கு,

புத்தாண்டுக்கு எழுதாததற்கு மன்னிக்கவும். எழுத முடியவில்லை.

டிசம்பர் கடைசியில், காப்பகம் விடுமுறைக்கு மூடும் முன், பனி பெய்த ஒரு வெள்ளிக்கிழமை பையோடு போனேன். குடை பிடிக்கவில்லை. அவர்கள் வெளியே வந்தார்கள். சுமிரே என்னையும் பையையும் பார்த்தாள். தாயின் கையை உதறிவிட்டுச் சாலையில் இறங்கி என்னை நோக்கி ஓடிவந்தாள். ஒரு சரக்கு வண்டி வழுக்கிக்கொண்டு வந்து, அவளுக்கு ஒரு கையகலத்தில் நின்றது. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதைத் தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மினாகோ ஓடிவந்து குழந்தையை அணைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, "வேண்டாம். தயவுசெஞ்சு வேண்டாம்" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

புத்தாண்டு முடிந்ததும் எங்கள் பகுதிக் காவலர் வீட்டுக்கு வந்தார். இளைஞர். காலணியைக் கழற்றி ஒழுங்காகத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தார். தேநீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்:

"புகார்னு எதுவும் இல்லீங்க தாத்தா. ஆலோசனைதான் கேட்டிருக்காங்க. ஆனா அந்தம்மா ரொம்பப் பயந்திருக்காங்க."

"நான் என்ன செய்தேன்?" என்று கேட்டேன்.

"நின்னீங்க" என்றார்.

நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்தினேன். அவர் கோப்பையில் மறுபடி தேநீர் ஊற்றினேன்.

கடைசிக் கோட்டை வாங்கச் சலவைக்கடைக்கு ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில் போனேன். அந்த அம்மாள், "அந்தப் பொண்ணு மார்ச்சுல தோயாமாவுக்கே போயிடப் போகுதாம்யா. அண்ணன் வீடு இருக்காம். உங்களாலதான்னு நான் சொல்லல. ஆனா பின்வாசல் வழியாத்தான் போகுது வருது, பாவம்" என்றாள்.

ஆக, அக்கா, முன்பு அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். இனி வேறு மாகாணத்தில் இருப்பாள். சுமிரேயை இனிமேல் நான் பார்க்கப்போவதில்லை. நீ சொன்னதைச் செய்தேன். நீ சொன்னதால்தான் செய்தேன் என்று எழுதிவிட்டு அடித்தேன். மறுபடி எழுதுகிறேன். நீ சொன்னதால்தான் செய்தேன்.

நோரிஹிகோ


சகாட்டா
20 ஜனவரி

நோரிஹிகோ அவர்களுக்கு,

எழுபத்திரண்டு வயது மனிதர் அக்கா சொன்னதால் செய்தாராம். பெரிய எழுத்தில் எழுதி என் கடைக் கண்ணாடியில் ஒட்டிவைக்கலாம்.

நான் நிற்கச் சொன்னேன். குழந்தை சாலையில் ஓடிவருகிற இடத்தில் நிற்கச் சொன்னேனா? காப்பகத்து ஆசிரியையைப் போய்ப் பார்த்திருக்கலாம், அவள் அண்ணனுக்கு எழுதியிருக்கலாம். உனக்குத் தெரியாதா? படித்தவன் நீதானே.

அந்தக் காட்சியை நான் என் கண்ணால் பார்த்தேன். பனி, வாசல், மிட்சு தலையில் பனி. அவள் போலீசுக்குப் பயந்து திரும்பிப் போகவில்லை. இரண்டு மாதத்தில் கைவிடுகிறவனுக்குக் கதவு திறக்காது.

இனி என்னிடம் ஆலோசனை கேட்காதே. வசந்தம் வரைக்கும் எனக்கு வேலை இருக்கிறது.

கினுயே


நீகாட்டா
11 பிப்ரவரி

அன்புள்ள அக்கா,

பதில் எழுத வேண்டாம் என்கிற பொருளில் நீ எழுதியிருந்தாய் என்று நினைக்கிறேன். இருந்தாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கோபத்தில் எழுதவில்லை.

சென்ற மாதக் கடைசியில் மிட்சு மாமியார் வீட்டிலிருந்து துரத்தப்பட்டாள். அன்றிலிருந்து ஒரு நாளும் விடாமல், தொலைக்காட்சிக்கு மிகப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அவள் வாசலுக்குப் போனாள். ஒரே ஒரு நாள். பனி இல்லை, இலையுதிர் காலம். வேலைக்காரி பையனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். இவளைப் பார்த்ததும் அவன் அடையாளம் தெரியாமல் அழுதான். மிட்சு அவன் அழுவதைப் பார்த்தாள். குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான். பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

அடுத்த நாள் உப்பளம். அதற்கடுத்த நாளும் உப்பளம். கடல்நீரைச் சுமக்கிறாள், மணலில் தெளிக்கிறாள், வாருகிறாள், காய்ச்சுகிறாள். இதையே வாரக்கணக்கில் காட்டுகிறார்கள். நாடகம் எடுத்தவர்களுக்கு அசாத்தியப் பொறுமை. ஊறுகாய் போடும் பருவத்தில் ஒரு மூட்டை உப்பை மாமியார் சமையலறைக்கு அனுப்புகிறாள். குழந்தைக்கு இல்லை, கிழவிக்கு. கூட ஒரு வரி கிடையாது. கேட்பது எதுவும் கிடையாது. கதவு இன்னும் திறக்கவில்லை.

உன்னை மடக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆசிரியர் அறையில் எல்லோரும் அந்தப் பனியைப் பற்றித்தான் பேசினார்கள், நானும் கேட்டிருக்கிறேன். நீ சொன்னபோது எனக்கு நினைவில் இருப்பதாகவே தோன்றியது. பார்க்காத எனக்கே நினைவில் இருந்தது.

அதற்காக நானும் உப்பு அனுப்பப் போவதில்லை. ஒருமுறை நாடகத்தைப் பார்த்து நடந்தது போதும். மினாகோவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான் செய்தது தவறு, அந்தத் தெருவுக்கு இனி வரமாட்டேன், என் பொருட்டு ஊரைவிட்டுப் போகவேண்டாம், பதில் வேண்டாம் என்று மட்டும். பல நாள் திருத்தினேன். திருத்தத் திருத்தச் சின்னதாகிவிட்டது.

நூலகத்துக்குப் போகும் பேருந்து அவள் தெரு வழியாகத்தான் போகும். இப்போது பாலத்தைச் சுற்றி நடந்து போகிறேன். பனியில் கொஞ்சம் கடினம்.

நோரிஹிகோ


சகாட்டா
3 மார்ச்

நோரி,

நானும் பார்த்தேன். சத்தத்தை முழுதாக ஏற்றிவைத்து, பக்கத்துவீட்டுக்காரன் சுவரைத் தட்டத் தட்டப் பார்த்தேன். பனி இல்லை.

சரி, மறு ஒளிபரப்பில் வெட்டிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். மூன்று கிழவிகளையும் கூட்டிவைத்துக் கேட்டேன். இரண்டு பேர், பனி உண்டு, சத்தியம் என்றார்கள். ஒருத்தி மிட்சு வெறுங்காலோடு நின்றாள் என்று அதையும் சேர்த்துக்கொண்டாள். சுகவாரா அம்மாள் மட்டும் தலைக்குச் சாயம் பூசியபடியே யோசித்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "ஏண்டி கினுயே, அது நாட்காட்டிப் படம்டி! அரிசிக்கடையில குடுத்தானே, டிசம்பர் மாசத்துக்கு. வாசல் முன்னால குடையில்லாம நிக்கிற மாதிரி. உன் கடையில கண்ணாடிக்குப் பக்கத்துலதானே மாட்டியிருந்த? மூணு வருஷம் கழட்டவே இல்லியே நீ!"

உண்மைதான். நடிகையை நிறுத்தி எடுத்த படம். பின்னால் இருந்த வாசல்கூடத் துணியில் வரைந்ததாம்.

அந்த நாளில் நான் எங்கே முழுதாகப் பார்த்தேன்? காலை ஏழேகாலில் ஆரம்பித்துப் பதினொன்று வரை தலைகள். தொலைக்காட்சி பின்பக்கம் இருக்கும், நான் கண்ணாடியில்தான் பார்ப்பேன். சத்தம் முடி உலர்த்தியின் இரைச்சலில் போய்விடும். விட்டதை வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். ஒவ்வொருத்தியும் தன் மாமியாரைக் கொஞ்சம் கலந்துதான் சொல்வாள். அந்த உப்பளத்து வாரங்களில் நான் துண்டு துவைத்திருப்பேன்.

ஆனால் ஒன்று. படத்தைப் பார்த்தோ எதைப் பார்த்தோ, நான் கடையை மூடாமல் நின்றது நிஜம். அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. யார்மேல் என்று தெரியவில்லை. காலில் முள் வைத்த செருப்புப் போட்டுக்கொண்டு பாலத்தில் நட. விழுந்து தொலைக்காதே.

கினுயே


நீகாட்டா
14 ஏப்ரல்

அன்புள்ள அக்கா,

செர்ரி பூத்து உதிர்ந்துவிட்டது. இது வானிலை அல்ல, செய்தி. சென்ற வாரம் பள்ளிகள் திறந்தன. புதிய பைகளோடு குழந்தைகள் எங்கள் தெருவிலும் போனார்கள். பை பெரிதாகவும் குழந்தை சிறிதாகவும் இருப்பதால் பின்னாலிருந்து பார்த்தால் பைக்குக் கால் முளைத்தது போலிருக்கிறது.

சுமிரே இங்கே பள்ளியில் சேர்ந்தாளா, தோயாமாவிலா என்று தெரியாது. ஒரு நாள் பேருந்தில் அந்தத் தெருவைக் கடந்தால் தெரிந்துவிடும். மாடியில் துணி காய்கிறதா என்று பார்த்தால் போதும். போகவில்லை. நின்றது எனக்குச் சுலபமாக இருந்தது, அக்கா. ஏதோ செய்கிறோம் என்று இருந்தது. போகாமல் இருப்பதற்குத்தான் தினமும் மறுபடி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. காலையில் ஒரு முறை எடுத்த முடிவு மத்தியானத்துக்குள் தேய்ந்துவிடுகிறது.

நீலப் பையை ஒரு குழந்தைகள் இல்லத்துக்குக் கொடுத்தேன். ஒரு பையன் உடனே மாட்டிக்கொண்டு கழற்ற மறுத்தான்.

மிட்சு இன்னும் உப்புக் காய்ச்சுகிறாள். பையன் அவள் பக்கத்தில் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நோரிஹிகோ


நீகாட்டா
28 ஜூலை

அன்புள்ள அக்கா,

மினாகோவிடமிருந்து கடிதம் வந்தது. உறையைப் பிரிக்க எனக்குக் காலையிலிருந்து மாலை ஆயிற்று. அப்படியே இங்கே எழுதுகிறேன்.

"மாமாவுக்கு. நாங்கள் தோயாமாவுக்குப் போகவில்லை. அந்தத் தெருவுக்கு வரமாட்டேன் என்று நீங்கள் எழுதியதை நம்பலாமா என்று தெரியாமல் சில மாதங்கள் பார்த்தேன். நீங்கள் வரவில்லை. உங்கள் அக்கா மார்ச் மாதம் எனக்கு எழுதியிருந்தார்கள். நிற்கச் சொன்னது தான்தான் என்றும், தொலைக்காட்சியில் வராத ஒன்றை வந்ததாக நினைத்துச் சொல்லிவிட்டதாகவும், தம்பியைத் திட்டுவதானால் தன்னைத் திட்டும்படியும் எழுதியிருந்தார்கள். அதுவரை, கென்சுகேக்காகச் சுமிரேயைத் தூக்கிக்கொண்டு போக நீங்கள் நேரம் பார்க்கிறீர்கள் என்றே நினைத்திருந்தேன். என்னோடு வேலை செய்யும் ஒருவரின் குழந்தையை அப்படித்தான் கொண்டுபோனார்கள்.

அத்தையின் கல்லறைக்கு நான் வருஷாவருஷம் ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி போகிறேன். சுமிரே பிறந்தபோது என்னைப் பார்த்துக்கொண்டவர் அவர். நீங்கள் பதின்மூன்றாம் தேதி போவீர்கள் என்று தெரியும், அதனால் அந்த நாளை விட்டுவிடுவேன். இந்த வருஷம் சுமிரேயையும் கூட்டிப் போகிறேன். காலை ஒன்பது மணி. நீங்கள் வந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. வேறு எங்கும் வரவேண்டாம். மினாகோ."

முன்னோரை வரவேற்கும் நாள் பதின்மூன்று என்பதால் என் மனைவியின் கல்லறைக்கு நான் வேறு நாளில் போனதே இல்லை. ஒழுங்காகக் கழுவி, பூ வைத்து, ஊதுபத்தி ஏற்றிவிட்டு வருவேன். இரண்டு நாள் கழித்து இன்னொருத்தி வந்து அதே கல்லை மறுபடி கழுவியிருக்கிறாள். எனக்கு இத்தனை வருஷமும் தெரியாது.

நீ எழுதியது பற்றி என்னிடம் சொல்லவே இல்லையே.

நான் போகலாமா? என்ன பேசுவது? பேசவேண்டியதை எழுதிப் பார்த்தேன், இரண்டு பக்கம் வந்தது.

நோரிஹிகோ


சகாட்டா
2 ஆகஸ்ட்

நோரி,

நான் யாருக்கு எழுதுகிறேன் என்று உனக்குக் கணக்குக் கொடுக்க வேண்டுமா? போன வருஷப் புத்தாண்டு வாழ்த்தட்டையில் அவள் முகவரி இருந்தது, எழுதினேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. சுகவாரா அம்மாளை உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். "இதுல மன்னிப்பு எங்கடி இருக்கு?" என்று கேட்டாள். மறுபடி எழுதினேன். அதற்கும் அதே கேள்வி கேட்டாள். அவளை வெளியே அனுப்பிவிட்டு எழுதியதைத்தான் போட்டேன்.

என்னிடம் ஆலோசனை கேட்காதே என்று ஜனவரியிலேயே சொல்லிவிட்டேன். அதனால் இது ஆலோசனை இல்லை. அந்த இரண்டு பக்கத்தைக் கிழித்துப் போடு. வெயிலுக்குத் தொப்பி வை. துடைப்பமும் துணியும் நீ கொண்டுபோ, அவள் குழந்தையைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். முன்னாலேயே போய் நிற்காதே! நின்றால் உன்னைக் கொன்றுவிடுவேன். போய் வேலையைச் செய்.

கினுயே


நீகாட்டா
16 ஆகஸ்ட்

அன்புள்ள அக்கா,

நேற்று போய்வந்தேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் பேருந்திலேயே கிளம்பிவிட்டேன். நிற்கக்கூடாது என்று நீ எழுதியிருந்ததால், போனவுடன் கல்லைச் சுற்றிப் புல் பிடுங்கினேன். இரண்டு நாள் முன்புதான் பிடுங்கியிருந்தேன், அதனால் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. பக்கத்துக் கல்லறைப் புல்லையும் பிடுங்கினேன். அது யாருடையது என்று தெரியாது.

ஒன்பதுக்கு அவர்கள் வந்தார்கள். நான் எழுந்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டதால் முழுதாக எழ முடியாமல் பாதிக் குனிந்தபடி வணங்கினேன். மினாகோவும் வணங்கினாள். இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டிருந்தேன், ஆனால் மனப்பாடம் ஆகியிருந்தது. ஒரு வரியும் வரவில்லை.

சுமிரேதான் முதலில் பேசினாள். "தண்ணி நான்தான் ஊத்துவேன்" என்றாள். வாளியை வாங்கிக்கொண்டு, கரண்டியால் மொண்டு ஊற்றினாள். கல்லுக்குப் பாதி, என் காலணிக்குப் பாதி.

"மெதுவா, சுமிரே. தாத்தா நனையறாங்க" என்றாள் மினாகோ.

"பாட்டி நனையலாம், தாத்தா நனையக்கூடாதா?" என்று கேட்டாள் குழந்தை.

"நனையலாம்" என்றேன். இதுதான் ஏறக்குறைய மூன்று வருஷத்தில் நான் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை.

பிறகு வேலை நடந்தது. நான் தேய்த்தேன், மினாகோ பூவை வெட்டி வைத்தாள். ஒரு இடத்தில், "அந்தப் பக்கம் பாசி இருக்கு மாமா" என்றாள். தேய்த்தேன். "இன்னும் கீழே" என்றாள். அதையும் தேய்த்தேன். வருஷாவருஷம் நான் அந்தப் பக்கத்தைச் சரியாகத் தேய்ப்பதில்லை என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது.

சுமிரேயின் பள்ளிப்பை என்ன நிறம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவளாகவே ஆசிரியை பெயரையும், முயல் கூண்டைக் கழுவுவது யார் முறை என்பதையும், இரண்டு முன்பல் விழுந்ததையும் சொன்னாள். பல் இல்லாத இடத்தைக் காட்டினாள். நான் நன்றாகக் குனிந்து பார்த்தேன்.

ஊதுபத்தி அணைந்ததும் புறப்பட்டார்கள். ஒரு மணி நேரம்கூட இருக்காது. நான் கூடப் போகவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு மினாகோ மட்டும் திரும்பி வந்தாள்.

"அடுத்த வருஷமும் பதினஞ்சுதான் மாமா. ஒன்பது மணி."

"சரிம்மா" என்றேன்.

அவ்வளவுதான் பேசினோம். ஒரு வருஷம் இருக்கிறது. இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

நேற்றுக் காலை ஏழேகாலுக்கு நான் பேருந்தில் இருந்தேன், அதனால் மிட்சுவைப் பார்க்கவில்லை. இத்தனை மாதத்தில் தவறவிட்டது இந்த ஒரு நாள்தான். முந்தின நாள் கிழவி உப்பு மூட்டையின் முன்னால் உட்கார்ந்து யோசிப்பதோடு நிறுத்திவிட்டார்கள். பிறகு என்ன ஆயிற்று, கதவு திறந்ததா என்று எழுது. நீ பார்த்ததை மட்டும் எழுது.

நோரிஹிகோ